ஒரு மிஷினுக்கு ரெண்டு ஆளு

அண்ணாச்சி, அந்தப் பெட்டியைக் கொஞ்சம் சீட்டுக்கு அடியில தள்ளிக்கிடுங்க. என் முட்டுல இடிக்கு. என்ன கனம் கனக்கு, உள்ள என்ன வச்சிருக்கீங்க? தையல் மிஷினா. சரிதான். தலை மட்டும் வாங்கியிருக்கீங்களே, ஸ்டாண்டு எங்க?

அப்படியா சொன்னான் கடைக்காரன். வீட்டுல போயி மகள்ட்ட கேட்டுட்டு வாங்க, கைமிஷின் வேணும்னா கைப்பிடி மாட்டித் தாறேன், கால்மிஷின் வேணும்னா ஸ்டாண்டு தாறேன்னு. அவன் என்ன மிட்டாயா விக்கான், பிடிச்சதை எடுத்துக்கிடுங்கங்கதுக்கு? மிஷின் விக்கிறவனுக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியாது அண்ணாச்சி. கூலிங்கிளாஸ் போட்டுக்கிட்டு ஃபேனுக்கு அடியில உக்காந்திருப்பான், அவன்தானே? தெரியும். நான் பட்டன், கேன்வாஸ் வாங்க மாசம் ஒருதடவை டவுனுக்கு வாறவன். அவன் கடையைத் தாண்டித்தான் போவேன். ஏற மாட்டேன்.

நீங்க என்ன சோலி பாக்கீங்க? ரேஷன் கடையிலயா. சரி. அப்ப உங்களுக்கும் ஒண்ணும் தெரிய ஞாயமில்ல. தப்பா எடுத்துக்கிடாதீங்க. நான் ஆலங்குளத்துல எறங்கணும், முக்கா மணி நேரம் இருக்கு. கைமிஷினா கால்மிஷினான்னு நான் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. ஆலங்குளம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஆவுடையப்பன் டெய்லர்னு கேட்டா சின்னப் புள்ளையும் கை காட்டும். முன்ன என் கடை ஒண்ணைத்தான் காட்டும். இப்ப டெய்லர்னு கேட்டா வேற பக்கமும் காட்டுது. அந்தக் கூத்தைத்தான் சொல்ல வாறேன்.

தையல்ங்கது என்ன? இடது கை துணியைப் பிடிக்கும், வலது கை துணியைத் தள்ளும். ரெண்டு கையும் துணியில இருக்கணும். சக்கரத்தைச் சுத்துதது காலோட வேலை. இதுதான் தையல். கைமிஷின்ல என்ன நடக்கு? வலது கை போயி சக்கரத்தைப் பிடிச்சுக்கிடும். மிச்சம் ஒத்தைக் கை. ஒத்தைக் கையால என்னத்தைத் தைப்பீங்க? தலைகாணி உறை தைக்கலாம். இடுப்புல கட்டுத சாரம் கிழிஞ்சா மூட்டலாம். ஒரு காலர் வைக்க முடியுமா? ஒரு ஜிப் வைக்க முடியுமா? எங்க தொழில்ல கைமிஷினை மிஷின்னே சொல்லமாட்டோம். காப்பிக்கொட்டை அரைக்கதுன்னு சொல்லுவோம்.

எங்க தொழில்லன்னா, நானும் சேர்மக்கனியும். ரெண்டு பேரும் சேந்துதான் கடை போட்டோம். இருபத்தாறு வருசம். ஏ.கே. டெய்லர்ஸ்னு போர்டு. ஏ நானு, கே அவன். ஏ முன்னால வரும்லா, அதனால என் பேரு முன்னால. அதுல அவனுக்கு வருத்தம் இருந்திருக்கும், சொல்லமாட்டான். எதையுமே சொல்லமாட்டான். வாயில குண்டூசியைக் கவ்விக்கிட்டே வாழ்க்கையை ஓட்டினவன்.

எதிரெதிரா ரெண்டு கால்மிஷின். நான் சட்டை, அவன் பேண்ட். சட்டைங்கது கஷ்டமான உருப்படி அண்ணாச்சி. காலர் இருக்கு, கைக்குழி இருக்கு, பட்டி இருக்கு. பேண்ட்ல என்ன இருக்கு? நேர்கோடு. மேல இருந்து கீழ ஒரு கோடு, கீழ இருந்து மேல ஒரு கோடு. ஆனா ஊருல உள்ள கூறுகெட்ட பயலுக பூராவும் வந்து நின்னுக்கிட்டு, கனி அண்ணாச்சி தைச்ச பேண்ட் உக்காந்தா பிடிக்காது, எந்திரிச்சா தொங்காதுன்னு சொல்லுவானுக. வாத்தியார்மாரு, பேங்குக்காரங்க, எல்லாரும் உள்ள நுழைஞ்சதும் அவனைத்தான் தேடுவாங்க. நான் சிரிச்சுக்கிடுவேன். ஒரு நேர்கோட்டுக்கு இம்புட்டுப் பேச்சு.

அவனுக்கு சுகர். ஊருல யாருக்குத்தான் இல்ல. எனக்கு இல்ல, அது வேற. புதுச்செருப்பு கடிச்சு வலது கால் பெருவிரல்கிட்ட ஒரு புண்ணு வந்தது. துணியைச் சுத்திக்கிட்டு மிதிச்சிட்டே இருந்தான். பத்து நாள்ல வாடை அடிக்க ஆரம்பிச்சிருச்சு. டாக்டர்ட்ட காட்டணும், டவுனுக்குப் போயிட்டு வாறேன்னு சொன்னான். அப்ப தீபாவளிக்குப் பன்னெண்டு நாள் இருக்கு. எழுபது பேண்ட் வெட்டாமக் கெடக்கு. நான் சொன்னேன், தீபாவளி முடியட்டும்டே, நானே கூட்டிட்டுப் போறேன்னு. ஞாயமாத்தானே சொன்னேன். அவனும் சரின்னுதானே சொன்னான். எழுபதையும் தைச்சு முடிச்சான். தீபாவளி முடிஞ்சு மறுநாள் போனான், முட்டுக்குக் கீழ காலை எடுத்துட்டாங்க.

டாக்டர்மாரைப் பத்திச் சொல்லாதீங்க. அவனுகளுக்கு வெட்டத்தான் தெரியும், தைக்கத் தெரியாது.

நான் போயிப் பாத்தேன். பாக்காம இருப்பேனா? ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கிட்டுப் போனேன். அவன் பொஞ்சாதி தங்கபுஷ்பம், சுகர்காரவுகளுக்கு ஆகாதுன்னு சொல்லிப் பக்கத்துக் கட்டில்காரனுக்குத் தூக்கிக் கொடுத்திட்டா. ஒருத்தன் மெனக்கெட்டு வாங்கிட்டு வந்த பொருளுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? அவ எப்பவுமே அப்படித்தான். வார்த்தை சுருக்கமா இருக்கும், முள்ளு கணக்கா இருக்கும்.

நாலு மாசம் வீட்டுல கெடந்தான். கடை சும்மா இருக்குமா? அவன் மிஷின் வாசப்பக்கம், வெளிச்சம் அங்கதான் விழும். நான் அங்க மாறி உக்காந்துக்கிட்டேன். என் மிஷின் மேல தைக்க வந்த துணியை அடுக்கி வச்சேன். கேட்டவங்ககிட்ட, கனி இனி வரமாட்டான், பேண்ட்டையும் நானே தைக்கேன்னு சொன்னேன். நேர்கோடுதானே. நாலஞ்சு பேரு துணியைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க. போகட்டும். தைச்சதுல ரெண்டு மூணு பேண்ட் உக்காந்தா பிடிக்குன்னு திரும்பி வந்தது. நான் சொன்னேன், தம்பி நீங்க தடிச்சிட்டீங்கன்னு.

அப்புறம் ஒருநாள் காலையில வாறான். கக்கத்துல ரெண்டு கம்பை ஊனிக்கிட்டு. வாசல்ல நின்னு அவன் மிஷினையும் பாக்கான், என்னையும் பாக்கான். நான் எந்திரிச்சு ஸ்டூலை எடுத்துப்போட்டு உக்காரச் சொன்னேன். பத்து சட்டையை எடுத்து மடியில வச்சு, பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுடே, பட்டன் கட்டுடேன்னேன். உக்காந்து செய்யுத வேலை, காலே வேண்டாம். இதைவிட ஒருத்தனுக்கு ஒருத்தன் என்ன நல்லது செய்ய முடியும்? நீங்களே சொல்லுங்க. பதினோரு நாள் செஞ்சான். காஜா எல்லாம் அச்சு அடிச்ச மாதிரி இருந்தது, அதைச் சொல்லணும். அதுக்கு மேல காஜாவுல என்ன இருக்கு.

பன்னெண்டாம் நாள், மிஷினைக் கொடு, மிதிச்சுப் பாக்கேன்னான். சரி, ஆசையைக் கெடுப்பானேன்னு எந்திரிச்சேன். இடது காலை மிதியில வச்சான். அந்தக் காலும் சரியில்ல அண்ணாச்சி. நரம்பு செத்துக் கெடக்கு. மிதியில கால் இருக்கா இல்லையான்னே அவனுக்குத் தெரியல, குனிஞ்சு குனிஞ்சு பாத்துக்கிடுதான். சக்கரம் பின்னால சுத்திருச்சு, நூல் அந்துபோச்சு. திரும்பக் கோத்தான். திரும்ப அந்தது. அப்ப பேங்குக்காரர் ஒருத்தரு அளவு கொடுக்க வந்து நிக்காரு. ஒத்தைக் கால்லயும் மிதிக்கலாம்டே, இங்க பாருன்னு நான் என் மிஷின் மேல கெடந்த துணியை ஒதுக்கிட்டு உக்காந்து ஒத்தைக் கால்ல மிதிச்சுக் காட்டினேன். தொழில் தெரிஞ்சவன் காட்டத்தானே செய்யணும். அவனுக்கு மூணாவது தடவையும் நூல் அந்ததும் நான் சிரிச்சிட்டேன். வேணும்னு சிரிக்கல. சிரிப்பு வந்தது, சிரிச்சேன். கனி, நீ இனிமே கைமிஷின்தாம்டே, வீட்டுல உக்காந்து தலைகாணி உறை தைன்னேன். தமாசுக்குச் சொன்னது.

அவன் ஊசியை மேல தூக்கினான், நூலை வெட்டினான், துணியை மடிச்சு வச்சான். கம்பை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். பேங்குக்காரரும் அப்புறமா வாறேன்னுட்டுப் போனாரு. வரவே இல்ல.

மறுநாள் தங்கபுஷ்பம் லோடு ஆட்டோவோட வந்து நிக்கா. கையில ஸ்பேனர். நான் கனி மிஷின்ல உக்காந்து தைச்சிட்டு இருக்கேன், என்னை எந்திரிங்கன்னா. மிஷின் தலையைக் கழட்டித் தனியா எடுத்தா. ஸ்டாண்டையும் எடுத்துட்டுப் போம்மா, இடத்தை அடைச்சிட்டு இருக்கும்னேன். அவ திரும்பிக்கூடப் பாக்கல.

"ஸ்டாண்டு உங்களுக்கே இருக்கட்டும் அண்ணாச்சி. அவுகளுக்கு மிதிக்கத்தான் தெரியாதே."

பாத்துக்கிடுங்க. தமாசு தெரியாத சனங்க. நான் கடைக்குள்ள வச்சு ஒரு வார்த்தை சொன்னதை வீட்டுல போயி அவன் எம்புட்டு நீட்டிச் சொல்லியிருப்பான். பேசமாட்டான் பேசமாட்டான்னு நாமதான் நெனைச்சுக்கிட்டு இருக்கோம். வீட்டுல பேசியிருக்கான்.

பத்து நாள் கழிச்சுக் கேள்விப்படுதேன், கனி வீட்டுல தைக்கான்னு. எனக்குச் சிரிப்பு. எதுல தைக்கான்? கைமிஷின்லயாம். சரி, உடம்பு எப்படி இருக்குன்னு விசாரிச்ச மாதிரியும் இருக்கும்னு ஒரு சாயங்காலம் போனேன். முன்னறையில பாய் விரிச்சு, ஒரு பலகை மேல மிஷினை வச்சிருக்காங்க. இவன் காலை நீட்டிக்கிட்டு முன்னால உக்காந்திருக்கான். வலப்பக்கம் அவ உக்காந்திருக்கா. கைப்பிடி அவ கையில. இவன் ரெண்டு கையும் துணியில.

அவ சுத்துதா, இவன் தைக்கான். புரியுதா அண்ணாச்சி? பேச்சே கெடையாது. இவன் தோள் லேசா எறங்கினா அவ பைய சுத்துதா. இவன் மூச்சை விட்டா நிறுத்துதா. வளைவு வந்தா ஒவ்வொரு தையலா எண்ணி எண்ணி, நேரா வந்தா கடகடன்னு. இவன் நிறுத்துன்னு சொல்லல, அவ நிறுத்தவான்னு கேக்கல. நான் கால் மணி நேரம் வாசல்ல நின்னேன். ஒருத்தரும் தலை நிமிந்து பாக்கல. எனக்கு ஒரு மாதிரி அருவருப்பாப் போச்சு. ஒரு மனுசன் தனியாச் செய்யுத வேலையை ரெண்டாக் கிழிச்சு ஆளுக்குப் பாதி வச்சிருக்கானுகளே, இது என்ன பொழைப்புன்னு வந்திட்டேன். உடம்பை விசாரிக்கல.

வந்து டீக்கடையில சொன்னேன். ஒரு மிஷினுக்கு ரெண்டு ஆளு, போயிப் பாருங்கடேன்னு. ஜோடி மிஷின்னு பேரும் வச்சேன். நல்லாச் சிரிச்சானுக. ஆனா பாருங்க, சிரிச்சதோட நிறுத்தணும்லா. போயிப் பாத்தானுக. ஊருல ஒருத்தனுக்கும் சோலி கெடையாது. பாக்கப் போனவன் சும்மா போக முடியாதுல்லா, கையில ஒரு துணியைக் கொண்டுட்டுப் போனான். பேண்ட்டு பழைய மாதிரியே இருக்குன்னு வந்து எங்கிட்டயே சொல்லுதான். இதுல பொம்பளைகளும் போக ஆரம்பிச்சாச்சு. அளவெடுக்க அவ இருக்காள்லா, அதனால ஜாக்கெட்டு. கனி வாழ்க்கையில ஜாக்கெட் தைச்சவனா? ஜென்ட்ஸ் டெய்லர் அண்ணாச்சி அவன். பொம்பளை ஜாக்கெட் தைக்க உக்காந்துட்டானேன்னு எனக்குக் கேவலமா இருந்தது. அவன் வீட்டு முன்னால தெருவுல செருப்பு கெடக்கதைப் பாத்தா கல்யாண வீடுன்னு நெனைப்பீங்க.

நான் விடுவேனா. முதல்ல போர்டை மாத்தினேன். அவன்தான் போயிட்டானே, அவன் எழுத்து எதுக்கு? பெயிண்டரைக் கூப்பிட்டு கே-யை அழிக்கச் சொன்னேன். அந்தக் கோட்டிக்காரப்பய கே-யை மட்டும் அழிச்சிட்டுப் போயிட்டான். ஏ டெய்லர்ஸ்னு நிக்கு. ரோட்டுல போற பள்ளிக்கூடத்துப் புள்ளைகெல்லாம் எட்டிப்பாத்து, ஏ டெய்லர், ஏ டெய்லர்னு கூப்பிட்டுட்டுப் போகுது. நீங்களும் சிரிக்கீங்க. சிரிங்க.

அப்புறம் மோட்டார் வச்ச மிஷினு வாங்கினேன். புதுசு. என் பழைய மிஷினைக் கழட்டி ஓரமா வச்சேன். புதுசுல மிதி கெடையாது, கால்ல ஒரு கட்டை மாதிரி இருக்கும். லேசா அமுக்கினா லேசா ஓடும், நல்லா அமுக்கினா பறக்கும்னு வித்தவன் சொன்னான். என் கால் முப்பது வருசமா மிதிச்ச காலு. அதுக்கு லேசாங்கதே தெரியாது. கால் வச்ச ஒடனே சவத்து மோட்டார் துணியை முழுங்கிரும். எங்க ஹெட்மாஸ்டர் ஒருத்தரு சஃபாரி தைக்கக் கொடுத்திருந்தாரு. பாக்கெட்டுக்கு மூடி வைக்கேன்னு சட்டைக் கையையும் சேத்து நெஞ்சோட தைச்சிருச்சு. போட்டுப் பாத்துட்டு அவரு கையைத் தூக்க முடியாம நிக்காரு. மோட்டாரோட குத்தம். எந்திரத்துக்கு மனுசன் மதிப்பு தெரியுமா? அவரு அதைப் புரிஞ்சுக்கிடல. படிச்சவங்களுக்குப் புரிய வைக்கதுதான் பெரிய பாடு.

இதெல்லாம் போகட்டும். இனிமே சொல்லப்போறதைக் கேளுங்க.

என் வீட்டுக்காரி செண்பகம். அவளை நான் கடைப்பக்கம் விட்டதில்ல. அப்படி வச்சிருக்கேன். கல்யாணமான புதுசுல ஒருநாள் சாப்பாடு கொண்டுட்டு வந்தவ, வாசல்ல நின்னு கனிகிட்ட என்னமோ கேட்டுச் சிரிச்சா. மறுநாள்ல இருந்து நானே சாப்பாட்டை எடுத்துட்டுப் போயிருதேன். அவளுக்கு ஜாக்கெட்டு நான்தான் தைச்சுக் கொடுப்பேன், வருசத்துக்கு ரெண்டு. அளவெடுக்கதெல்லாம் கெடையாது. கல்யாணத்தப்ப எடுத்த அளவு என் மனசுல இருக்கு. இருபத்திநாலு வருசமா அதே அளவு. ஒருநாளும் பிடிக்குன்னோ லூசுன்னோ அவ சொன்னதில்ல. தொழில்காரன் பொஞ்சாதிக்கு அந்தக் குடுப்பினை உண்டு.

ஒருநாள் கொடியில ஒரு ஜாக்கெட்டு காயுது. பச்சை. நான் தைச்சது இல்ல. எடுத்து உள்பக்கமாத் திருப்பிப் பாக்கேன். பின்கழுத்து வளைவுல ஒரு இடம் இழுக்கல, ஒரு இடம் சுருங்கல. அங்குலத்துக்குப் பன்னெண்டு தையல், மாறாம. யாரு கைன்னு எனக்குச் சொல்லவா வேணும்? இருபத்தாறு வருசம் எதிர்ல உக்காந்து பாத்த கையி. கேட்டேன். மறைக்கல அவ. புஷ்பம் அக்கா அளவெடுத்தாங்க, கூட்டமா இருந்தது, அங்கேயே உக்காந்து பேசிட்டு இருந்தேன், நேரம் போனதே தெரியலன்னா. அதைப் போட்டுக்கிட்டு அவ ஒரு கைய மேல தூக்கிப் பரணுல இருந்து சாமான் எடுக்கா, கூச்சமில்லாம. அதுக்கு முன்னால அவ பரணுல இருந்து எதையாவது எடுக்கணும்னா என்னைத்தான் கூப்பிடுவா. ஏன்னு தெரியல. நான் கடைக்குப் போயிட்டேன். பொம்பளைகிட்டப் போயி என்ன சொல்ல.

தை மாசம் ஊருல மூட்டுக்காய்ச்சல் வந்தது. வீட்டுக்கு ரெண்டு பேரு விழுந்து கெடந்தாங்க. தங்கபுஷ்பமும் விழுந்தா. விரலை மடக்க முடியல, கைப்பிடியைப் பிடிக்க முடியல. முடிஞ்சதுடே ஜோடி மிஷினுன்னு டீக்கடையில நான்தான் சொன்னேன். அந்த ஞாயித்துக்கிழமை பெரிய கல்யாணம், மேல்தெருவுல. பொண்ணு வீட்டுத் துணி பூராவும் கனிகிட்ட. இப்ப எங்க வருவாங்க? எங்கிட்டத்தானே வரணும். நான் மிஷினைத் துடைச்சு எண்ணெய் போட்டு வச்சேன். வியாழக்கிழமை போச்சு. வெள்ளி மத்தியானம் போச்சு. ஒருத்தரும் வரல. டீக்கடைக்குப் போனா எல்லாரும் என்னை ஒரு மாதிரிப் பாக்கானுக. கடைக்காரன்தான் மெள்ளக் கேட்டான், என்ன அண்ணாச்சி, வீட்டுல மதினி கனி அண்ணாச்சி வீட்டுல சக்கரம் சுத்துதாங்க போலுக்கன்னு.

எப்படி நடந்து போனேன்னு தெரியல.

வாசல்ல போயி நின்னேன். உள் சுவரோரம் கட்டில்ல தங்கபுஷ்பம் போத்திக்கிட்டுப் படுத்திருக்கா. படுத்த வாக்குல என்னமோ சொல்லுதா, ரெண்டு பேரும் சிரிக்காங்க. ரெண்டு பேருன்னா, கனியும் செண்பகமும். செண்பகம் கையில கைப்பிடி. இருபத்திநாலு வருசமா என் வீட்டுல இருக்கவ, அவ பல்வரிசையை நான் அன்னைக்குத்தான் முழுசாப் பாத்தேன். என்னைப் பாத்ததும் எந்திரிக்கணுமா இல்லையா? எந்திரிக்கல. இந்தக் கையை முடிச்சிட்டு வந்திருதேன், உக்காருங்கன்னா. கையின்னா, ஜாக்கெட் கை.

நான் செருப்பைக் கழட்டிட்டு உள்ள போனேன். நகரு அங்கிட்டுன்னு சொல்லி, அவ கையில இருந்து கைப்பிடியை வாங்கிக்கிட்டு உக்காந்தேன். இதுல என்ன பெரிய வித்தை இருக்கு, காப்பிக்கொட்டை அரைக்கதுதானேன்னு வேகமாச் சுத்தினேன். பாயில என் கால் ரெண்டும் தானா மேலயும் கீழயும் ஆடுது. அதைப் பாத்துட்டு செண்பகம் முந்தானையை வாயில வச்சுக்கிட்டா. நான் நிறுத்தல. எனக்குத் தெரியும்லா, இந்த இடத்துல வளைவு, இந்த இடத்துல நேருன்னு. நான் சுத்துத வேகத்துக்கு அவன் துணியைத் தள்ளணும், அதுதான் முறை. தள்ளல. பட்டு ஜாக்கெட்டு, ஜரிகைக் கரை. தையல் வளைவை விட்டு வெளிய ஓடிருச்சு.

கனி துணியில இருந்து ரெண்டு கையையும் எடுத்தான். ஊசியைத் தூக்கினான். ஓடின தையலை ஒண்ணொண்ணாப் பிரிச்சான். அவ்வளவு நேரமும் நான் கைப்பிடியைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கேன். பிரிச்சு முடிச்சுத் துணியைத் திரும்ப வச்சிட்டுத்தான் என்னைப் பாத்தான்.

"ஆவுடை, நீ தைக்காத. தைக்கது நான். நீ சுத்து, போதும்."

எப்படி இருக்கு? இருபத்தாறு வருசத்துல அவன் எனக்கு ஒரு சோலி சொன்னது கெடையாது. நான்தான் அவனுக்குச் சொல்லியிருக்கேன். இதை வை, அதை எடு, இதை முடி, தீபாவளி முடியட்டும், எல்லாம் நான் சொன்னதுதான். காலு போனதும் வாய் வந்திருச்சு. எந்திரிச்சு வந்திருப்பேன். ஆனா கல்யாண வீட்டுத் துணி, பொண்ணு என்ன பாவம் செஞ்சா. அதுக்காகத்தான் சுத்தினேன்.

என்ன வேலை அண்ணாச்சி அது. நம்ம இஷ்டத்துக்கு ஒரு சுத்து சுத்த முடியாது. அடுத்தவன் தோளையே பாத்துக்கிட்டு இருக்கணும். அவன் மூச்சை இழுக்கானா, விடுதானா, விரல் தயங்குதா, வலிக்கா, நிறுத்துதானா, எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருக்கணும். மனுசன் செய்யுத வேலையா அது? எதிர்ல இத்தனை வருசம் உக்காந்திருந்தேன், அவன் தைக்கும்போது நாக்கு நுனியைக் கடிச்சுக்கிடுவான்ங்கதே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். அப்படி ஒருத்தனை உத்துப் பாத்துக்கிட்டு இருந்தா நம்ம சோலியை யாரு பாக்க? ரெண்டு கையும் முடியுத வரைக்கும் சுத்தினேன். முடிஞ்சதும் அவன் துணியை ஒதறித் தூக்கிப் பிடிச்சுப் பாத்தான். எங்கிட்டயும் நீட்டினான், பாருன்னு. நான் வாங்கல. செருப்பை மாட்டிக்கிட்டு வந்திட்டேன்.

கல்யாணத்துல பொண்ணு ஜாக்கெட்டைப் பத்தி ஊரே பேசுச்சு. அதுல ரெண்டு கையும் நான் இல்லாட்டி நடந்திருக்காதுன்னு டீக்கடையில சொன்னேன். ஒருத்தனும் நம்பல. நீங்க நம்பலன்னாலும் எனக்கு ஒண்ணும் இல்ல.

தங்கபுஷ்பத்துக்குக் காய்ச்சல் விட்டுப்போச்சு. விரல் மட்டும் இன்னும் சரியா மடங்கலயாம். அதனால செண்பகம் தெனமும் போறா. காலையில சோறு பொங்கி எனக்கு எடுத்து வச்சிட்டுப் பத்து மணிக்குப் போனா சாயங்காலம் வாறா. மூணு மாசமாச்சு. புஷ்பம் வெட்டுதா, இவ சுத்துதா, அவன் தைக்கான். இப்ப ஒரு மிஷினுக்கு மூணு ஆளு. நான் டீக்கடையில அதைச் சொல்லல. போகாதன்னு செண்பகத்துகிட்ட ஒருதடவை சொன்னேன். சரி, போகலன்னு சொல்லல, போவேன்னும் சொல்லல. மறுநாள் பத்து மணிக்கு ஆளைக் காணோம். பேசாம இருக்கதை இவளும் கனிகிட்ட இருந்து கத்துக்கிட்டா.

போன வாரம் யோசிச்சேன். என் பழைய மிஷின் தலை ஓரமாத்தானே கெடக்கு. ஒரு கைப்பிடி வாங்கினேன். நான் கைப்பிடி வாங்குததை ஒருத்தரும் பாத்திரக்கூடாதுன்னு தென்காசியில போயி வாங்கினேன். கீழ பலகை அடிச்சேன், நானே மாட்டினேன். நல்லாத்தான் வந்திருந்தது. வீட்டுக்குக் கொண்டு வந்து முன்னறையில பாய் விரிச்சு வச்சேன். வச்சிட்டு செண்பகத்தைக் கூப்பிட்டேன். அடுப்படியில இருந்து கையைத் துடைச்சுக்கிட்டே வந்தா. நீ எதுக்கு ஊருக்கெல்லாம் சுத்திக்கிட்டு அலையுத, இங்கனயே சுத்து, நான் தைக்கேன்னு சொன்னேன். நான் எறங்கி வந்து சொல்லுதேன் அண்ணாச்சி. ஒரு ஆம்பிளை, முப்பது வருசத் தொழில்காரன், கைமிஷினுக்கு முன்னால பாயில உக்காந்துக்கிட்டு.

அவ குனிஞ்சு கைப்பிடியைப் பிடிச்சு ஒரு சுத்து சுத்திப் பாத்தா. நல்லா சுத்துதுன்னா. நான் துணியைக் கூட எடுத்து வச்சிட்டேன். அவ நிமிந்து என்னைப் பாத்தா. கோவம் இல்ல, சிரிப்பும் இல்ல.

"உங்களுக்கு எதுக்குங்க இது? உங்களுக்குத்தான் ரெண்டு காலும் நல்லா இருக்கே."

சொல்லிட்டு செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டா. மணி பத்து.

அவ சொன்னதுல தப்பில்லல்லா? யோசிச்சுப் பாத்தேன். சரியாத்தான் சொல்லியிருக்கா. எனக்கு என்ன குறை? சுகர் இல்ல, பிரஷர் இல்ல, காலு ரெண்டும் கல்லு கணக்கா இருக்கு. பொம்பளைகளுக்கும் சில நேரம் விவரம் தெரிஞ்சிருதுன்னு நெனைச்சுக்கிட்டேன். அந்தக் கைப்பிடியைக் கழட்டிப் போட்டிரணும். பாயும் விரிச்சது விரிச்சபடிதான் கெடக்கு. அதைச் சுருட்டத்தான் நேரம் வர மாட்டேங்கு.